மருந்து எடுக்கிறவர்கள்

பக்கவாதம் வந்த பிறகு வேலுச்சாமியின் வாயில் மிஞ்சிய சொல் ஒன்றே ஒன்று. அது "ஆமா." பசிக்கிறதா என்றாலும் ஆமா, வயிறு நிறைந்துவிட்டதா என்றாலும் ஆமா. ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற சாலையோரத் தெருவில் அவருடைய வாய்க்கு அஞ்சாதவர்கள் முன்பு ஒருவரும் இல்லை. காலையில் கம்பெனி வேனில் ஏறினால் இறங்கும்வரை அத்தனை பேரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வருவார். அப்படிப்பட்டவர் இப்போது வலது கையும் வலது காலும் தமக்குச் சொந்தமில்லாதவைபோலக் கட்டிலில் கிடந்தார்.

அந்த ஒற்றைச் சொல்லின் அர்த்தத்தை அவருடைய கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க மனைவி சின்னத்தாய் பழகிக்கொண்டிருந்தாள். தானும் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிறவள்தான். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிற சீசன் நேரத்தில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைபட்டிருந்தாள். யார்மீது என்று சொல்லத் தெரியாத கோபம் ஒன்று, உமியில் பற்றிய நெருப்பைப்போல வெளியே தெரியாமல் அவளுக்குள் கனன்றுகொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு பிற்பகலில் ஆய்வுக்குழுவினர் வந்தார்கள். பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் பக்கவாதம் ஏன் வருகிறது, அதைத் தடுப்பது எப்படி என்று ஆராய்கிற குழு அது. டாக்டர் நவநீதகிருஷ்ணன் அதற்குத் தலைவர். சிவகாசியில் பெயர் பெற்ற பட்டாசு முதலாளி கனகசபாபதியின் மகன். வேலுச்சாமி வேலை பார்த்ததே அந்தக் கனகசபாபதியின் கம்பெனியில்தான். டாக்டருடன் வந்திருந்த ஸ்ரீமதி சென்னையில் படித்த பெண். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, கேள்விகளைக் கேட்டுப் பதிலைத் தட்டிக்கொள்வது அவளுடைய வேலை.

சின்னத்தாய் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலருகே கேள்விகள் தொடங்கியது அவள் காதில் விழுந்தது.

"ஐயா, நீங்க புகை பிடிப்பீங்களா?"

"ஆமா."

"மது அருந்துற பழக்கம் உண்டுங்களா?"

"ஆமா."

சின்னத்தாயின் கை அப்படியே நின்றது. வேலுச்சாமி பீடியைத் தொட்டும் பார்க்காதவர். வெடிமருந்தைக் கலக்குகிற அறையில் வேலை செய்கிறவனுடைய மடியில் தீப்பெட்டி இருந்தால், அவனை வேலையை விட்டு நிறுத்துவதற்குமுன் பக்கத்தில் நிற்கிறவர்களே அடித்துக் கொன்றுவிடுவார்கள். அவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"ஏத்தா, நிறுத்து! அவுக எல்லாத்துக்கும் ஆமாம்பாக. நீங்க செத்துப் போயிட்டீகளான்னு கேட்டுப் பாரு, அதுக்கும் ஆமாம்பாக. அதையும் தட்டிக்கிருவியா?"

ஸ்ரீமதியின் விரல் அந்தரத்தில் நின்றது. டாக்டர் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. தப்புதான். இவர் பேச்சு இந்த அளவுக்குப் பாதிச்சிருக்கும்னு எதிர்பார்க்கல. எல்லாத்தையும் அழிச்சிடலாம். உங்ககிட்டயே கேட்டுக்கிறோம்."

பணிவான பேச்சுதான். அதைக் கேட்டபோது அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். கை கட்டிப் பேசுகிறவனை என்ன செய்வது?

"ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டீகளா?" என்று கேட்டாள்.

டாக்டரின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. "அதுதாம்மா ரொம்ப ஆச்சரியமா இருக்கு. காரியாபட்டிப் பக்கம் வெள்ளாமை பண்ற சம்சாரி ஊர்கள்லயும் இதே ஆய்வு நடக்குது. அங்க பிரஷர் கூடுதலா இருந்தவங்க பலபேர் மருந்தே எடுக்கல. நாங்க மாத்திரை குடுத்தோம், நல்லாயிட்டாங்க. இங்க அப்படி இல்ல. உங்க தெருவுல பிரஷர் இருந்த அத்தனை பேரும் ஏற்கெனவே தினம் தவறாம மருந்து எடுக்கிறவங்க. அப்படியும் மூணு பேர் விழுந்துட்டாங்க. அப்ப இங்க பிரஷர் மட்டும் காரணமில்ல. இதுவரைக்கும் யாரும் கவனிக்காத ஏதோ ஒண்ணு இருக்கு."

"மருந்து யாரு எடுத்தா?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"அவுகளா? தலைவலிச்சாக்கூட ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போற மனுசன். மாத்திரைன்னா சிவப்பா கருப்பான்னு தெரியாது அவுகளுக்கு."

ஸ்ரீமதி தயங்கிக்கொண்டே குறுக்கிட்டாள். "நான்தாம்மா கேட்டேன், இவர் விழுறதுக்கு முந்தி காளியம்மன் கோயில் முன்னால கேம்ப் போட்டப்ப. ரொம்பக் கூடுதலா காட்டுச்சு. தினமும் மருந்து எடுக்கிறீங்களான்னு கேட்டேன். 'எடுக்காம? மருந்து எடுக்காட்டி கஞ்சிக்கு எங்கிட்டுப் போக?'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்குப் பின்னாடி நின்னவங்களும் அதையேதான் சொன்னாங்க."

சின்னத்தாய்க்கு அந்த நாள் கண்முன் வந்து நின்றது. அவளும்தான் அந்த வரிசையில் நின்றாள், அவளும்தான் சிரித்தாள். கலவை அறையில் கலந்த வெடிமருந்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு போய், குழாயில் அடைக்கிறவர்களிடம் கொடுப்பதற்குப் பெயர் மருந்து எடுப்பது. சிவகாசியைச் சுற்றிப் பத்துக் கல் தொலைவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கேட்டவள் ஒரு மருந்தைக் கேட்டிருக்கிறாள். இவர்கள் வேறொரு மருந்தைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, கொடுத்திருக்க வேண்டிய மாத்திரை குழு வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போயிருக்கிறது.

கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது.

"அடப் பாவிகளா!" என்றாள். குரல் தெருவே திரும்பிப் பார்க்கும்படி எழுந்தது. "அவுக எடுத்தது வெடிமருந்துய்யா! ஒங்க அப்பா கம்பெனி மருந்து! அதைத் தட்டுல வச்சுக் கொளந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனதைச் சொன்னாக. இவ மாத்திரைன்னு எளுதிக்கிட்டா. நீரு அதை வச்சுப் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுட்டீரு! இதே கேள்விய காரியாபட்டிச் சம்சாரிகிட்டப் போயி மருந்து குடிக்கிறீகளான்னு மாத்திக் கேட்டிருந்தா, பூச்சிமருந்தைச் சொல்றான்னு செருப்பைக் களட்டியிருப்பான்."

டாக்டரின் முகம் வெளுத்தது. ஸ்ரீமதி, "சார், 'மெடிசின்'னு இருந்ததை நாமதானே 'மருந்து'ன்னு மாத்தினோம். எல்லாருக்கும் புரியணும்னுதானே..." என்று சொல்லி முடிக்காமல் நிறுத்தினாள்.

"இந்தப் பிள்ளை அசலூரு. அவளுக்குத் தெரியாது. ஒமக்குமாய்யா தெரியாது? மருந்து வித்துத்தான ஒம்மைப் படிக்க வச்சாரு ஒங்க அப்பா?"

"வீட்ல கெமிக்கல்னுதாம்மா சொல்வாங்க. நான் சின்ன வயசுலயே ஊட்டிக்குப் படிக்கப் போயிட்டேன். கம்பெனிப் பக்கமே என்னை விட்டதில்ல."

"விட மாட்டாக. ஒத்தப் பிள்ளைய மருந்துப் பக்கத்துல எப்படி விடுவாக?"

அவர் தலை குனிந்தார். அவர் குனிந்ததில் அவளுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. வேறொரு நினைப்பு நெஞ்சில் இடித்தது. அன்றைக்கு வேலுச்சாமிக்கு அடுத்து நின்றவன் அவளுடைய தம்பி கருப்பணன். மாமன் சொன்னதையே சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்தவன். மாமன் விழுந்த பிறகு அவருடைய இடத்தில் மருந்து எடுக்கிறவனும் அவன்தான்.

"கருப்பணனுக்கு எம்புட்டு இருந்துச்சு?"

டாக்டர் ஸ்ரீமதியின் கையிலிருந்த போனை வாங்கித் தேடினார். பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "அம்மா, ஒருத்தரோட விவரத்தை இன்னொருத்தர்கிட்டச் சொல்றது ஆய்வு விதிப்படி..."

"கூடவா, கொறைச்சலா? அதை மட்டும் சொல்லும்."

அவர் போனின் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"இன்னைக்கே அவனுக்கு மாத்திரை குடும்."

"நிச்சயமா குடுப்போம்மா. முதல்ல இந்தத் தப்பைக் குழுவுக்குத் தெரியப்படுத்தணும். கேள்வியைத் திருத்தி, அனுமதி வாங்கி, திரும்பவும் ஒரு கேம்ப் போடணும். இடையில நானா ஏதாவது செஞ்சா மொத்த ஆய்வும் செல்லாமப் போயிடும். அடுத்த மாசத்துக்குள்ள..."

"அடுத்த மாசமா?" சின்னத்தாய் கட்டிலைக் காட்டினாள். "இவுக காலையில வேனுக்குக் கெளம்பி, சட்டைக்குள்ள கைய நொளைக்கும்போது விழுந்தாகய்யா. பித்தான் போடுற நேரங்கூட இவுகளுக்குக் கெடைக்கல. நீரு மாசக் கணக்கு சொல்றீரு!"

நாற்காலிக்கு அருகே வைத்திருந்த, பிரஷர் பார்க்கும் கருவியின் பெட்டியைத் தூக்கினாள். மாத்திரைப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பாண்டிமீனாவைக் கூப்பிட்டு, "மதினி, ஒங்க அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சாலையை நோக்கி நடந்தாள். படித்த மனிதர்கள் இருவரும், என்ன செய்வதென்று அறியாமல் அவள் பின்னால் ஓடினார்கள்.

சாலையில் வேன் வந்து நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அலுமினியப் பொடி அப்பி, ஒவ்வொருவருடைய கையும் முகமும் வெள்ளி பூசினதுபோல மின்னியது. கருப்பணன் தூக்குச்சட்டியோடு இறங்கினான்.

"ஏலே கருப்பணா, நெதமும் மாத்திரை திங்கியாலே?"

"மாத்திரையா? எனக்கு என்னக்கா நோக்காடு? கெடா மாதிரில்ல இருக்கேன்."

கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு பெட்டியை அவளிடமிருந்து வாங்கி, நிழற்குடைத் திண்டில் வைத்துத் திறந்தார். கருப்பணன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். பட்டை இறுகியது, காற்று இறங்கியது. டாக்டர் மறுபடியும் ஒருமுறை பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தபோது அவருடைய நெற்றி வியர்த்துவிட்டது.

"ஆய்வு என்ன ஆகும் சார்?" என்று ஸ்ரீமதி மெல்லக் கேட்டாள்.

"போகட்டும்" என்றார் அவர். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கருப்பணனிடம் நீட்டினார். "இதுல ஒண்ணு இப்பவே சாப்பிடுங்க. தினமும் ஒண்ணு சாப்பிடணும். நாளைக்கே விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வந்திடுங்க."

கருப்பணன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது. "வேண்டாம்யா. சீக்காளின்னு தெரிஞ்சா மருந்து ரூமுல நிக்க விடமாட்டாக. சீசன் நேரத்துல வீட்ல உக்காத்தி வச்சுருவாக. அதுலயும் நீரு முதலாளி மகன். ஒம்ம கையால வாங்குறதும் ஒங்க அப்பாகிட்டச் சொல்றதும் ஒண்ணுதான்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். அதுதான் விதி."

"நல்லா இருக்கய்யா ஒம்ம விதி!" என்றாள் சின்னத்தாய். "சித்த முன்னாடி அதை வச்சு என் வாய அடைச்சீரு. இப்பவாச்சும் உருப்படியா ஒருத்தனுக்கு ஒதவட்டும்." தம்பியின் பக்கம் திரும்பினாள். "வாயத் தொற."

"அக்கா, எல்லாரும் பாக்காக..."

"பாக்கட்டும். ஒங்க மாமனுக்கு நான்தான் ஊட்டி விடுறேன். ஒழுகுனா தொடைச்சு விடுறேன். அதே மாதிரி ஒனக்கு ஒம் பொண்டாட்டி ஊட்டணுமாலே? தொறடா!"

அவன் திறந்தான். அவள் மாத்திரையை நாக்கில் வைத்து, தூக்குச்சட்டியில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஊற்றினாள். விழுங்கும்வரை தாடையைப் பிடித்த பிடியை விடவில்லை. சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு திண்டருகே வந்தார்கள்.

"அம்மா, நான் எப்படி மன்னிப்புக் கேக்குறதுன்னே தெரியல" என்றார் டாக்டர்.

"கேக்காதீரு. கேட்டா நான் ஏதாவது சொல்லிருவேன். கையப் பாரும்."

மேற்கே இன்னொரு வேன் வருவது தெரிந்தது. அடுத்த ஊருக்குப் போகிற வேன்; இந்த நிறுத்தத்தில் இறங்க அதில் ஆள் கிடையாது; வழக்கமாக நிற்காமல் போகும். அந்த ஊரிலும் கேம்ப் போட்டார்கள். அங்கேயும் இதே கேள்விதான். அங்கேயும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். சின்னத்தாய் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றாள்.

டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "ஏ கிறுக்கி, சாகப் போறியா? ஒதுங்கு!"

அவள் ஒதுங்கவில்லை. வேன் புழுதி கிளப்பிக்கொண்டு அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவள் பானெட்டில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"எறங்குங்கலே எல்லாரும்!"