அகமதாபாத்தைப் பார்க்காத குருவி

1
இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைமேல் ஒரு கூண்டு இருக்கிறது. அதைத் திறக்க வேண்டும். திறக்கப் பயமாக இருப்பதால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2
முதல் தொடக்கம்: அந்தமானின் டெலானிபூர் மேட்டில் மழை விட்டதும் அந்தச் சிவப்புச் சில்லைக் குருவி...

(வேண்டாம். இங்கே மழை எப்போது விட்டது?)

இரண்டாவது: எதிர்வீட்டு ஷரீபாக்கா ஊரோடு போய்விட முடிவு செய்தார். கணவர் ஜெய்னுதீன் இறந்தபின் வளையல் கடையைத் தனியாக நடத்த முடியவில்லை. குருவியைக் கப்பலில் விடமாட்டார்கள். அது தீவுக்கு வந்ததே ஜெய்னுதீனின் துணிமூட்டைக்குள் ஒளிந்துதான்.

"நான் கப்பல் ஏறினதும் தொறந்து விட்டுருங்க தம்பி. எனக்குப் பாக்கத் தெம்பில்ல."

சரி என்றேன். யோசிக்காமல் சொன்ன சரி.

3
(அடிக்குறிப்பாக வர வேண்டியது, இடம் மாறிவிட்டது: இந்தச் சின்னக் குருவிக்கு ஆங்கிலத்தில் 'அவடவாட்' என்று பெயர். அகமதாபாத் என்பது வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது. அங்கே பிறந்ததால் அல்ல, அங்கிருந்து கூண்டில் அடைத்து விற்றதால்.)

கப்பல் ஏறும் ஜெட்டி வரிசையில், அக்காவின் அழுகையை மாற்ற, இதை அவரிடம் சொன்னேன்.

"வித்த ஊரா பேரு? நல்லாருக்கே! நான் கீழக்கரை. மெட்ராஸப் பாத்ததே கப்பல் ஏறத்தான். இங்க இந்திக்காரங்க பூரா என்னை 'மதராசி பாபி'ன்னுதான கூப்பிட்டாங்க?"

4
கீழ்வீட்டு ஈஸ்வரன் கூண்டைப் பார்த்தார்; திறக்கப்போகிறேன் என்றதும் கத்தினார். "பாகல் ஆயிட்டீங்களா சார், பைத்தியமா? இதோட கூட்டம் இந்தத் தீவுலயே கிடையாது. விட்டா சாயங்காலத்துக்குள்ள காக்கா தின்னுரும்."

முடிவு ஒன்று: திறக்கிறேன், பறக்கிறது, நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

முடிவு இரண்டு: திறக்கிறேன், காக்கா வந்து

(இதை எழுத மாட்டேன்.)

முடிவு மூன்று: திறக்காமலே, திறந்துவிட்டேன் என்று அக்காவிடம் பொய்.

குருவி இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்குத் தாவுகிறது. எனக்கும் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

5
இதோ, கீழக்கரையிலிருந்து போன்.

"ஊரு எப்படிக்கா இருக்கு?"

"பொறந்த தெருதான் தம்பி. ஆனா எல்லாரும் அந்தமான்காரம்மாங்கிறாங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அது போயிருச்சா?"

குருவியே பதில் சொல்லட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்கா காத்திருக்கிறார். குருவி இன்னும் சத்தம் போடவில்லை.

அது வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.