கால் சுகமோ என்று கேட்கிறார்கள்

லண்டன் ஹரோவில் யோகேஸ்வரனைத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் போன கிழமைதான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் பிடிப்பது அவர் பொறுப்பு. வருடா வருடம் ஒரு கவுன்சிலர் வருவார். மாலை போடுவார்கள், வடை சாப்பிடுவார், போய்விடுவார். ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

2009இல் மனிதருக்கு ஆசை பெருத்துவிட்டது. சிசுகோ ஹயாமா என்ற ஜப்பான் உதைபந்தாட்டக்காரி ஓய்வுபெற்றுப் பல வருடம். அவள் அடித்த பழைய கோல் ஒன்றை யாரோ யூடியூபில் ஏற்றிவிட, ஊர் உலகமெல்லாம் பார்த்தது. யோகேஸ்வரனும் வேலைத்தலத்தில் மேலாளருக்குத் தெரியாமல் பார்த்தார். அவள் இப்போது லண்டனில் பயிற்சி கொடுக்கிறாள் என்று அறிந்ததும் ஈமெயில் போட்டார். பெண்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கலாம் என்றால் வருவதாகப் பதில் வந்தது. நல்ல பெண்கள் அணி இருக்கிறது என்று எழுதிவிட்டார். மாலை விழுந்த பிறகு இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்?

அணியாவது மண்ணாவது. இருந்த ஒரே ஆட்டக்காரி அவருடைய மகள் வான்மதி. அவளையும் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டோடு நிறுத்தி, பூட்ஸைப் பழைய சாமான் விற்கும் சரிற்றிக் கடைக்குக் கொடுத்தவர் அவரேதான். மனைவி பிரமிளா அப்போது சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை.

விழாவன்று சிசுகோ ட்ராக்சூட்டில், தோளில் பூட்ஸ் பையோடு வந்திறங்கினாள். வாசலில் சேலை கட்டிய பிள்ளைகள் கற்கண்டும் சந்தனமும் பன்னீருமாக வரிசையில் நின்றார்கள். மாலை விழுந்தது. மாலையோடேயே அவள் கேட்டாள், அணி எங்கே என்று.

யோகேஸ்வரன் பன்னீர்ச் செம்பை வாங்கி அவள்மேல் இன்னொருதரம் தெளித்தார்.

வீடியோக் கமராவோடு நின்ற நடராஜா விடுவாரா? "சொல்லுமன், யோகேஸ். எங்கட பெண்கள் அணி எங்கை? நானும் படம் எடுக்கவெல்லோ வேணும்."

சந்தனத் தட்டோடு நின்ற வான்மதி தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிசுகோவிடம் இங்கிலீசில் சொன்னாள், நாங்கள்தான் அணி, எனக்குக் காலில் நோவு, அதனால் இன்றைக்கு ஆட்டமில்லை என்று.

சிசுகோ அந்த இடத்திலேயே மண்டியிட்டாள். மாலை நிலத்தில் புரள, கணுக்காலை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தாள். மற்றக் காலையும் பார்த்தாள். எங்கேயும் வீக்கமில்லை. எவ்வளவு காலமாக விளையாடவில்லை என்று கேட்டாள். இரண்டு வருடம் என்றாள் வான்மதி. அதுமட்டும் பொய்யில்லை.

சிசுகோ நிமிர்ந்து யோகேஸ்வரனைப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை. கோபித்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதி.

நடராஜா அதை யூடியூபில் போட்டார். மாலையோடு மண்டியிட்ட சிசுகோவை முகம் தெரியாத சனமெல்லாம் கொண்டாடியது. ஹரோத் தமிழர் யோகேஸ்வரனுக்குக் கடையிலும் கோயிலிலும் கைகொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க அவர் தலை குனிந்தது. மனிதருக்கு என்ன பணிவு என்று அதையும் மெச்சினார்கள். வீடியோவின் கீழே ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஒரே கேள்வி: அந்தப் பிள்ளைக்குக் கால் சுகமோ?

பதில் எழுத உட்கார்ந்தார். சுகம் என்று எழுதினார். அழித்தார். வான்மதி படியிறங்கி வந்தாள்.

"பிள்ளை, இப்ப உன்ர கால் என்ன சைஸ்?"

"அஞ்சு. ஏனப்பா, சேலைக்குச் செருப்பு வாங்கவோ?"

அவள் பகடியாகக் கேட்கவில்லை. பகடியாகக் கேட்டிருந்தால், இல்லை, பூட்ஸுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்கும்.