சூடேறாத புல்லட்

எங்கள் அப்பா சுவிசேஷமுத்துவுக்கு ஒரு சட்டம் உண்டு. பெண்ணும் வண்டியும் ராத்திரி வெளியில் தங்கக் கூடாது. பெண் நான், ரோஸி. வண்டி அவருடைய பழைய புல்லட். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ரயிலுக்கு அடுத்தபடியாக அவர் மதிக்கிற ஒரே வாகனம் அதுதான். எங்கள் இரண்டு பேரில் யாரை அதிகம் துடைத்துத் துடைத்து வளர்த்தார் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

அந்த வண்டியில் டேப்பட் சத்தம் கிளம்பியது. என்ஜினுக்குள் வால்வுகளைத் தூக்கி இறக்கும் கம்பிகளில் இடைவெளி கூடிப்போனால் தையல் மிஷின் மாதிரி டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். சரிசெய்வது சின்ன வேலைதான். ஆனால் என்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் இரும்பு விரிந்திருக்கும்போது வைக்கிற அளவு, ஆறியதும் பொய்யாகிவிடும். கிழக்குத் தாம்பரத்தில் கடை வைத்திருக்கும் சிட்டிபாபு அண்ணன் சூடான என்ஜினைத் தொடவே மாட்டார். "நைட்டு இங்கயே வுட்டுட்டுப் போ சார், காலைல பாத்துக்கலாம்" என்பார். அப்பாவா விடுவார்? வருஷா வருஷம் விடியற்காலையில் அகரம்தென் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தானே தள்ளிக்கொண்டு போவார். இந்த வருஷம் இடது முழங்கால் மக்கர் பண்ணியது.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் கட்டிக்க ஆசைப்பட்ட பிரசன்னாவைப் பற்றி வீட்டில் சொன்னேன். மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. நல்ல பையன். ஆனால் யார் என்ன சொன்னாலும் "சரி" என்பான். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது அம்மா ஞானம்மாள் ஆப்பம் வைக்க வைக்கச் சாப்பிட்டான். மாவு தீர்ந்துவிட்டது என்று அம்மாவே சொன்ன பிறகுதான் எழுந்தான்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. ஊர்ல இருக்கறவன் எல்லாம் இவன் தலையில மிளகாய் அரைச்சிடுவான். இவனை நம்பி எப்படி உன்னைக் கொடுக்கறது?" என்றார் அப்பா.

நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. கடைசியில் இறங்கி வந்தார். "சனிக்கிழமை காலைல இந்த வண்டியைக் கடைவரைக்கும் தள்ளிட்டு வரட்டும். வழியில என்ஜின் ஒரு தடவைகூட ஓடக் கூடாது. சில்லுனு வந்து சேர்ந்தா கல்யாணம் பேசலாம். இல்லைன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

வண்டி தள்ளுவது ஒரு பரீட்சையா என்று சிரித்தேன். நம் ஊர் ஜனங்களின் இரக்க சுபாவத்தை மறந்துபோனேன்.

சனிக்கிழமை அப்பா முன்னதாகவே பஸ் ஏறிக் கடைக்குப் போய்விட்டார். பிரசன்னா புல்லட்டைத் தள்ள, நான் ஸ்கூட்டியில் பின்னால் ஊர்ந்தேன். தெருமுனை டீக்கடைக்காரர் ஒரு பாட்டில் பெட்ரோலோடு ஓடி வந்தார். "வேண்டாங்க, பெட்ரோல் இருக்கு" என்று சொல்லவே பிரசன்னாவுக்கு வியர்த்துவிட்டது. அவர் மனம் வாடியதைப் பார்த்து இவனும் வாடினான்.

அடுத்து மோட்டார் சைக்கிளில் ஒரு பையன். "மச்சான், நீ ஏறிக் குந்து!" என்று காலைக் கொடுத்துப் பின்னாலிருந்து தள்ளினான். அதில் தப்பில்லை, என்ஜின் ஓடவில்லை. கொஞ்ச தூரம் சுகமாகப் போனது. திடீரென்று அவன் கத்தினான்: "செகண்ட்ல போட்டு கிளட்ச்ச வுடு மச்சான், சும்மா பட்டுனு புடிச்சுக்கும்!"

பிரசன்னாவின் கால் கியரைத் தேடிப் போனது. கிளட்சை விட்டால் என்ஜின் கிளம்பிவிடுமே என்று நான் ஹாரனை விடாமல் அடித்தேன். "வேணாம் தலைவா, இறங்கிக்கறேன்" என்று எப்படியோ சொல்லி இறங்கினான். "உதவி பண்ண வந்தா பேஜாரு" என்று பையன் முறைத்துவிட்டுப் போனான்.

கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டை நனைந்த ஒருத்தன் காலை நேரத்தில் புல்லட்டைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"யார் வண்டி இது?"

"எங்க... ரோஸியோட அப்பா வண்டி சார்."

"சாவி இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன் தள்றே? ஸ்டார்ட் பண்ணிக் காட்டு."

போலீஸ்காரரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கே நாக்கு எழாது. பிரசன்னா ஸ்டாண்டைப் போட்டான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ஸ்டார்ட் பண்ண முடியாது சார். நீங்க ஸ்டேஷனுக்கு வரச் சொன்னா அங்கயும் தள்ளிக்கிட்டே வரேன்" என்றான். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை நடுங்கவில்லை. அந்த நிமிஷம் அவனை எனக்கு அவ்வளவு பிடித்தது.

நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். "சார், எங்கப்பா வண்டிதான். அவர் பேர்லதான் ஆர்.சி. புக்கு இருக்கு. டேப்பட் பாக்கணும், சூடாகக் கூடாது!"

"இவரு யாரும்மா?"

பஸ் ஸ்டாப்பே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் கட்டிக்கப் போறவரு" என்றேன்.

போலீஸ்காரர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப சரி, தள்ளு தள்ளு. இப்பவே பழகிக்க" என்று வழி விட்டார்.

கடை வாசலில் அப்பா காத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பாவி மனிதர், எல்லாம் மறந்துபோனார். மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனால் முதலில் சத்தத்தைப் போட்டுக் காட்டுவதுதானே நம் எல்லோருக்கும் வழக்கம்? ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பி, "சிட்டிபாபு, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுப்பா" என்று கிக்கர்மேல் காலை வைத்தார்.

"உதைக்காதீங்க!"

கத்தியது பிரசன்னா. கத்தியதோடு நிற்காமல் சாவியையும் பிடுங்கிவிட்டான். அப்பாவிடம் இந்த உலகத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அப்பாவின் கால் கிக்கர்மேலேயே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

சிட்டிபாபு அண்ணன் என்ஜினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஐஸாட்டம் கீது சார்" என்று மூடியைக் கழற்றினார். ஸ்பேனரால் கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார். கம்பியை விரல் நுனியால் சுற்றிப் பார்த்தார். மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் விரலுக்கு லேசாகச் சுற்ற வேண்டும், அதுதான் கணக்காம். மூடியைப் போட்டுவிட்டு, "இப்ப உதை சார்" என்றார்.

பிரசன்னா சாவியை நீட்டினான். அப்பா உதைத்தார். டக்டக் போய், தப்தப்பென்று வண்டி நிதானமாகப் பேசியது. அப்பா யாரையும் பார்க்காமல் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாரம் உங்க அப்பா அம்மாவை வரச் சொல்லு. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டு மாடியிலயே இருந்துக்கங்க. காலியாத்தான் இருக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரசன்னாவைப் பார்த்தேன்.

"மாடி வேணாம் சார்" என்றான் அவன்.

அப்பா என்ஜினை அணைத்தார். எனக்கு அவனை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

"நாங்க தனியா வீடு பாத்துக்கறோம் சார். பக்கத்துலயேதான். ரோஸி தினம் வருவா, நானும் வருவேன்."

அப்பா பெட்ரோல் டேங்கைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவருக்குக் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எவ்வளவு பக்கத்துல?" என்று கேட்டார்.