ஒரு முறை விழுந்த ஹெல்மெட்

சைக்கிள் ஹெல்மெட்டுகளைக் கீழே போட்டுப் பார்ப்பது என் வேலை. தலை வடிவில் வார்த்த உலோகக் கட்டிக்கு ஹெல்மெட்டை மாட்டி, என் உயரத்துக்கு மேலே ஏற்றி, இரும்புப் பாளத்தின் மேல் விழவிடுவேன். உள்ளே இறங்கிய அதிர்வு திரையில் எண்ணாக வரும். முந்நூறைத் தாண்டினால் அந்த ரகமே கடைக்குப் போகாது. தாண்டாவிட்டாலும் விழுந்ததை ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் குப்பையில் போடுவேன். வெளியே கீறல்கூட இருக்காது. உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், மறுபடி எழும்பாது.

இப்படிப்பட்டவளின் தம்பி, தபால்காரன், இருபது வருடம் வெறுந்தலையோடு சைக்கிள் மிதித்தான். "எல்லாம் தலையெழுத்துக்கா" என்பான்.

"எழுதினது அந்த மண்டைலதானே. அது உடையாம பாத்துக்கோ" என்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் நானே ஒன்றை வாங்கிப்போய், அவன் மனைவியின் எதிரில் தலையில் மாட்டி வாரை இழுத்துக் கட்டினேன். அவளுக்குப் பயந்து போட்டுக்கொண்டான்.

நாலு மாதம் போயிருக்கும். தெருவோரம் நின்ற காரின் கதவு படாரென்று திறக்க, அதில் மோதித் தம்பி சைக்கிளோடு தலைகுப்புற விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றுமில்லை. மருத்துவமனையில் அவனைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அவனோ சிரித்தான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுக்கா."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் வாய் ஓயாத நான் அன்று சொல்லவில்லை. தினமும் ரம்பம் பிடிக்கிறவளுக்கு அது அவ்வளவு பழகிய விஷயம். உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மகள் சைக்கிளோடு வாசலில் நின்றாள். அன்றுதான் முதல்முறை தனியாகப் பள்ளிக்குப் போகிறாள். தலையில் அந்த ஹெல்மெட். தம்பி ஒரு கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு, மறு கையால் வாரைச் சரிசெய்தான்.

"என் உயிரக் காப்பாத்தினது. இவ தலைலயும் இருக்கட்டும்."

"கழட்டு."

"ஏன்க்கா? ஒரு கீறல் இல்லியே."

"தலைப்பாகையோட போச்சுன்னு நீதானே சொன்ன? போனத எடுத்துப் புள்ளைக்கு மாட்டுவியா?"

கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டுபோய், "நான் என்ன பண்ணேன் அத்தை?" என்றது. நானே வாரை அவிழ்த்தேன். அன்று அவளை நடந்து போகச் சொன்னோம்.

தம்பி நம்பவில்லை. இருபது வருடம் எந்த ஹெல்மெட்டையும் நம்பாதவன், இப்போது அந்த ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றான். பேசிப் பயனில்லை. மதிய இடைவேளையில் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, அவனைச் சோதனை அறைக்கு அழைத்துப்போனேன்.

முதலில் அதே ரகத்தில் புதியதை விட்டேன். நூற்று எண்பது. பிறகு அவனுடையதை, அவன் விழுந்த பக்கம் கீழே வரும்படி மாட்டி விட்டேன். சத்தமே வேறாக இருந்தது. ஐந்நூற்றுப் பத்து.

"இதையா அவ தலைல..." முடிக்காமல் முக்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்டா. தப்பு என்மேலதான்."

அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்த உலோகத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுவுமே மாட்டாம, வெறுந்தலையா விட்டா எவ்ளோக்கா வரும்?"

"தெரியாதுடா. அப்படி நாங்க விடறதே இல்ல."

"ஏன்?"

"இது தாங்காது. உள்ள இருக்கற கருவி உடஞ்சிடும்."

"உலோகம்தானேக்கா இது?"

ஆமாம் என்றேன். தம்பி நல்ல கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு அழுதான்.