நீலச் சட்டை

எங்கள் பிரிட்டிஷ் ராடார் பிரிவின் பதினாறு லாரிகளில் நான்குதான் நார்மண்டிக் கரையேறின. ராடார் லாரி, ஆன்டெனா லாரி, ஜெனரேட்டர் லாரி, தேயிலை ஏற்றி வந்த லாரி. வயர்லெஸ் லாரி படகை விட்டு இறங்கியதுமே முழுகிவிட்டது. ஐம்பது மைலுக்கு அப்பால் பறப்பதைப் பார்க்கலாம், ஆனால் யாருக்கும் சொல்ல முடியாது. இதற்கு எல்லாமே முழுகித் தொலைந்திருக்கலாம்.

கடற்கரையை ஒட்டிய மேட்டில் ராடாரோடு மிஞ்சியவர்கள் சார்ஜென்டான நானும் வில்ஃப் எண்ட்விசிலும்தான். அவன் வட இங்கிலாந்தின் பர்ன்லி ஊர்க்காரன், அந்த ஊர்க் கொச்சையில் வாய் ஓயாதவன். தொப்பலாக நனைந்து நடுங்கியவனுக்கு அமெரிக்க மருத்துவ ஆள் ஒருவர் காக்கிச் சட்டை கொடுத்திருந்தார். எங்கள் விமானப்படையின் நீலச் சட்டை ஜெனரேட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தது. கீழே மணலில் முந்நூறு அமெரிக்கர்கள், காயம்பட்டவர்கள், கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

பொழுது சாயும் நேரம் திரையில் புள்ளிகள் தெரிந்தன.

"சார்ஜென்ட், ஏழு வருது. நம்மாளுங்க இல்ல. பத்து நிமிஷத்துல தலைக்கு மேல நிக்கும்."

அவசரமாக ஒரு சீட்டு எழுதினேன். "ஓடு. கரையில இருக்குற மேஜர்கிட்ட குடு. கிடக்குறவங்களை மேட்டோரமா இழுக்கச் சொல்லு."

அவன் இறங்கப்போனான். நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

"எங்கடா இந்தக் கோலத்துல? இரவல் சட்டையோட மேஜர் முன்னாடி நிப்பியா? நம்ம படை மானம் என்னடா ஆவறது?"

"அது இன்னும் காயல சார்ஜென்ட். புழுதி பட்டா ஜெர்மன்காரன் சட்டை மாதிரியே இருக்குன்னு காலைல அமெரிக்கன் ஒருத்தன் துப்பாக்கியையே தூக்கிட்டான்."

"போடுடான்னா போடு."

காக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "பட்டன்கூட போட்டாச்சு. ராஜா பாத்தா பூரிச்சுப்போவாரு" என்று சிரித்தபடியே ஓடினான்.

சரிவின் பாதியில் இரண்டு துப்பாக்கி வெடி கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகள் நெருங்கின. லாரி வாசலுக்கு ஓடித் தொண்டை கிழியக் கத்தினேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. பிறகு கரை முழுவதும் குண்டுகள் விழுந்தன. மணலில் ஒருவரைக்கூட நகர்த்தியிருக்கவில்லை.

புகை அடங்கியபின் ஒரு அமெரிக்கக் காவல் வீரன் மேடேறி வந்தான். இருபது வயதுகூட இருக்காது. பிரிக்காத சீட்டை நீட்டினான்.

"அவரு உங்க ஆளா சார்? என்னமோ கத்தினாரு, புரியல. இந்த நிறத்தைப் பாத்ததும் சுட்டுட்டேன்." அழுதான். "ஏன் சார் இதைப் போட்டுக்கிட்டு வந்தாரு? கேட்டிருந்தா எங்க சட்டை ஒண்ணு குடுத்திருப்போமே."

"குடுத்தீங்க" என்றேன், ஆணியில் தொங்கிய காக்கியைக் காட்டி. "நான்தான் கழட்டச் சொன்னேன்."