கறிக்கடைக்காரர் செய்த சைவ டாக்கோ

1.

இந்தக் கதை, ஒரு விளம்பரம் வராமல் போனதால் பிறந்தது.

எங்கள் கல்லூரி இதழின் கடைசிப் பக்கத்தில் பாதியை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் வாங்கிக்கொள்வதாக இருந்தார். அச்சுக்குப் போகும் நேரத்தில் கையை விரித்துவிட்டார். இதழின் ஆசிரியை ஓர் இறுதியாண்டு மாணவி. எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவாள் என்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. கேன்டீன் வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அரைப் பக்கத்துக்கு ஒரு சமையல் குறிப்பு குடு. உன் நக்கலெல்லாம் வேணாம். என்னென்ன வேணும், எப்படிச் செய்யணும், எப்படிப் பரிமாறணும். அவ்ளோதான்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"எனக்கு எடிட் பண்ணத் தெரியுமா? பத்திரிகை வரலையா?"

நியாயமான வாதம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சைவ பீன்ஸ் டாக்கோ, அதாவது மக்காச்சோள ரொட்டியில் பீன்ஸ் வைத்து மடிக்கிற மெக்சிகோ பண்டம், செய்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். நின்றதை எழுதினால் சமையல் குறிப்பாகிவிடும் என்று உட்கார்ந்தேன்.

[கத்தரியின் பென்சில் குறிப்பு, ஓரத்தில்: இன்னும் அடுப்பே பத்த வைக்கல. அரைப் பக்கம் முடிஞ்சுது.]

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "இரண்டு கப் ராஜ்மாவை முந்தின நாளே ஊற வையுங்கள்." சுத்தமான வாக்கியம். ஆனால் ஊற வைத்தது யார் என்று உடனே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா. அப்பா என்றால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலைச் சொன்னால் சமையல் குறிப்பு கெட்டுவிடுகிறது.

இரண்டு: "இளங்காற்றில் ஜன்னல் திரைச்சீலைகள் மெல்ல அசைந்த அந்த மதிய வேளையில், அவள் மனம் மட்டும்" — எங்கள் வீட்டில் திரைச்சீலை கிடையாது. பழைய பெட்ஷீட்தான். அது அசையாது.

மூன்று: "என் அப்பா கறிக்கடைக்காரர். அன்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கொத்தமல்லிக் கட்டை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்."

இது நடந்தது. எனவே இதை வைத்துக்கொள்வோம்.

3.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய பார்வையைச் சரிசெய்திருக்கிறாள். தண்ணீரைக் கண்டால் மட்டும் பயம். அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ளலாம் என்று பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே கற்றுத்தருபவர்தான் நம் கதாநாயகன். அவரை நீச்சல்காரர் என்று அழைப்போம்.

மூழ்கப்போன அக்காவை அவர் பாய்ந்து காப்பாற்றியதாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் யாரும் மூழ்குவதில்லை. முதல் மாதம் முழுக்க அக்கா முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டாள். அவர் எதிரில் நின்று, "நல்லா விடுறீங்க" என்றார். இவ்வளவுதான் காதல். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. அவர் சைவம். ஏன் சைவம் என்பதற்கு மூன்று காரணங்கள் தயாரித்தேன். ஒன்றில் ஓர் ஆட்டுக்குட்டி வருகிறது. எனக்கே கண் கலங்கியது. பிறகு அவரிடமே கேட்டேன்.

"பதிமூணு வயசுல பிடிக்காம போச்சுப்பா. விட்டுட்டேன்."

"அப்புறம் தொட்டதே இல்லையா?"

"இல்ல."

பின்கதை இல்லாத மனிதரை வைத்து எந்த எழுத்தாளனும் பிழைக்க முடியாது.

என் அப்பா கறிக்கடைக்காரர் என்று அக்கா அவரிடம் இரண்டாவது வகுப்பிலேயே சொல்லிவிட்டாளாம். அவரைப் பற்றி வீட்டில் சொல்லத்தான் நாளானது.

"ஞாயித்துக்கிழமை அவர் சாப்பிட வரார். பீன்ஸ் வச்ச டாக்கோன்னா அவருக்கு உயிரு. கடையில வாங்கிடலாம்பா."

"ஏன் கடையில? நான் செய்றேன்" என்றார் அப்பா.

"நீங்களா?"

"ஏம்மா, கறி வெட்டுற கையால செஞ்சா சாப்பிட மாட்டாரா?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். இந்தக் கதையில் எங்கேயாவது வழி தவறினால் இந்த இடத்துக்குத் திரும்பி வந்து, அவர் நின்றதைப் பாருங்கள். மற்றதெல்லாம் வெங்காயம்.

4.

சரி, வெங்காயம்.

அப்பா புதுப் பலகை வாங்கினார். புதுக் கத்தி, புது வாணலி வாங்கினார். ஃப்ரிட்ஜில் இருந்த கறி முழுவதையும் கடைக்கு அனுப்பிவிட்டு, உள்ளே தலையை விட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கடைக்கு லீவு விட்டார். காலையில் ஒருமுறை குளித்தவர், சமைக்கும் முன் இன்னொருமுறை குளித்தார்.

(அம்மா எங்கே என்று கேட்பீர்கள். அம்மா நர்ஸ், அன்றைக்குப் பகல் டியூட்டி. "முதல் தடவை நீங்க பாருங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதை உண்மையிலேயே அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.)

ஊறிய ராஜ்மாவில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு நார் எந்தப் பக்கம்டா ஓடுது?"

"இதுக்கு நார் இல்லப்பா."

"அப்புறம் எதைப் பார்த்து இது நல்லதுன்னு சொல்றது?"

நானும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

செய்முறை: ராஜ்மாவை உப்புப் போட்டுக் குக்கரில் குழைய வேக வைக்கவும். மக்காச்சோள மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துக் கனமான பொருளால் அழுத்தவும். நாங்கள் என் அகராதியை வைத்து அழுத்தினோம். வாங்கியதிலிருந்து அதற்கு அன்றுதான் வேலை வந்தது. வட்டமாக வந்ததைச் சூடான கல்லில் போட்டு இரண்டு பக்கமும் வாட்டி, துணியில் சுற்றி வைக்கவும். ஆறினால் மடிக்கும்போது உடையும்.

அப்பா வெங்காயத்தை வெட்டினார். பாருங்கள், ஒரு மனிதர் முப்பது வருடம் எலும்போடு மல்லுக்கட்டியபின் வெங்காயத்திடம் வந்தால் அது எப்படி இருக்கும்? வெங்காயம் தானாகவே வழிவிட்டது. வாணலி அடுப்பில் ஏறியது.

இந்த இடத்தில் என்னை, டாக்கோ மேல் வைக்க அவகாடோப் பழம் வாங்கிவர அனுப்பிவிட்டார். எனவே செய்முறையில் ஒரு வரி குறைகிறது.* நான் திரும்பி வந்தபோது வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், தக்காளி எல்லாம் வதங்கி, பாதி ராஜ்மா அதில் விழுந்து மசிந்திருந்தது. மணம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார். "பீன்ஸ்" என்றேன். நம்பவில்லை.

* அந்த வரி பின்னால் வரும். நான் ஒளிக்கவில்லை. எனக்கும் அப்போதுதான் தெரியும்.

5.

நீச்சல்காரர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அகலமான தோள். உட்கார்ந்ததும் எங்கள் நாற்காலி குட்டி நாற்காலி ஆகிவிட்டது. அப்பா உட்காரவில்லை.

"நீங்களும் உட்காருங்க அங்கிள்."

"இருக்கட்டும் தம்பி, சூடா போட்டுட்டே இருக்கேன்."

நீச்சல்காரர் முதல் டாக்கோவைச் சாப்பிட்டார். இரண்டாவதைத் தானே எடுத்து, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவிக்கொண்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்துகொண்டு, அவர் தாடை அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது.

"அங்கிள், பொய் சொல்லல. நான் எங்கெங்கயோ சாப்பிட்டிருக்கேன். இப்படி ஒரு பீன்ஸ் சாப்பிட்டதே இல்ல. என்ன போட்டீங்க?"

அப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் பல்கலைக்கழகத் தேர்வில் பாஸானபோதுகூட அந்தக் காது சிவக்கவில்லை.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல தம்பி. வாணலி நல்லா காயணும். காஞ்சதும் ஒரு கரண்டி"

6.

மேலே உள்ள வாக்கியத்தின் மீதியை அச்சுக்கோப்பவர் விட்டுவிடவில்லை. இந்தக் கதையில் நான் பாதியில் போட்ட வாக்கியங்கள் நிறைய. இது மட்டும் என்னுடையது இல்லை. அப்பாவின் வாக்கியம் அங்கே நின்றது.

எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும். உருக்கி வடித்த ஆட்டுக் கொழுப்பு. கறிக்கடைக்காரர் வீட்டில் எதைத் தாளித்தாலும் அதில்தான் தொடங்குவோம். அது எங்களுக்குக் கறி கிடையாது. அடுப்பின் ஓர் உறுப்பு. திருகுகிற குமிழ் மாதிரி. ஃப்ரிட்ஜைக் கழுவியவர், இரண்டு தரம் குளித்தவர், அந்த டப்பாவைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் பார்த்திருக்கிறது.

இனி முடிவுகள். உங்கள் வசதிக்காக:

அ) "ஒரு கரண்டி எண்ணெய்" என்கிறார் அப்பா. யாருக்கும் தெரியாது. நீச்சல்காரர் நான்காவதை எடுக்கிறார். கல்யாணம், பேரப்பிள்ளைகள், ஒவ்வொரு விடுமுறைக்கும் "அங்கிள், அந்த பீன்ஸ்!" நான் முதலில் எழுதியது இதைத்தான். மிகவும் சரளமாக வந்தது. சரளமாக வந்ததுதான் எனக்கு உதைத்தது.

ஆ) நான் தண்ணீர்க் கூஜாவைக் கொட்டிப் பேச்சை மாற்றுகிறேன். நிஜமாகவே கூஜாவில் கை வைத்தேன். காலியாக இருந்தது.

இ) அக்கா எழுந்து நின்று, கண்ணீரோடு, "அப்பா, நீங்கள் என் வாழ்க்கையை" — வேண்டாம். இது திரைச்சீலை அசைகிற வீட்டில் நடக்க வேண்டியது.

7.

நடந்தது இது.

"ஆட்டுக் கொழுப்பு" என்றார் அப்பா. "ஒரு கரண்டி. பழக்கத்துல கை போயிடுச்சு தம்பி. இப்பச் சொல்லும்போதுதான் எனக்கே தெரியுது."

நீச்சல்காரர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு எழுந்து, "கை கழுவுற இடம்?" என்றார். அக்கா காட்டினாள். குழாய் வெகுநேரம் ஓடியது. வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் குழாய்.

"அப்பா…"

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல."

இந்த இடத்தில், "நான்தான் கடையில வாங்கலாம்னு சொன்னேன்ல?" என்று அக்காவுக்கு ஒரு வசனம் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பேனாவால் அடித்துவிட்டாள்.

"நான் அப்படிச் சொல்லல."

"நெனச்சியா?"

"நெனச்சேன். நெனச்சதையெல்லாம் எழுதினா முதல்ல உன்னைத்தான் வீட்டை விட்டுத் துரத்தணும்."

அப்பா அடுப்படிக்குப் போனார். வாணலியைத் தேய்த்தார். குக்கரில் மீதிப் பாதி ராஜ்மா வெறும் உப்போடு கிடந்தது. ஜன்னலோரம் அன்றைக்கென்றே வாங்கிய எண்ணெய் பாட்டில், சீல் உடைக்காமல் நின்றது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

நீச்சல்காரர் வந்து அடுப்படி நிலையில் நின்றார். முகமெல்லாம் தண்ணீர்.

"ரெண்டு முழுசா சாப்பிட்டுட்டேன் அங்கிள்."

"பார்த்தேன்."

"பரவால்லன்னு சொல்ல எனக்கு வரல."

"சொல்லாதீங்க. பரவால்லைன்னா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" அப்பா பாட்டிலை நீட்டினார். "இன்னொரு தடவை செய்றேன். பக்கத்துல நின்னு பாருங்க. பார்த்துட்டுச் சாப்பிடாம போனாலும் சரி. இது சூரியகாந்தி எண்ணெய். நீங்களே படிச்சுக்கங்க."

மரியாதைக்கு "இருக்கட்டும்" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டிலை வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்த நிமிடம் முதன்முறையாக அந்தப் பாத்திரம் பிடித்தது.

அப்பா ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லிப் போட்டார். வெங்காயம். பூண்டு. சீரகம். நீதிமன்றத்தில் பொருட்களை ஒப்படைப்பதுபோல் இருந்தது. ராஜ்மா விழுந்து மசிந்தது. ஒரு ரொட்டியை வாட்டி, அதில் வைத்து, மடித்து, தட்டில் வைத்தார்.

"முதல்ல நீங்க சாப்பிட்டுப் பாருங்க அங்கிள்" என்றார் நீச்சல்காரர்.

அப்பா வாணலியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். மென்றார். அக்கா என் சட்டையைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரியாது. உலகத்தில் எந்த அப்பாவும் இந்த இடத்தில் "பிரமாதம்" என்றுதான் சொல்வார். பிரமாதம் என்று சொல்ல என்ன செலவு?

"முன்ன செஞ்சதுதான் நல்லா இருந்துச்சு தம்பி" என்றார் அப்பா.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

8.

[கத்தரி: சாப்பிட்டாரா இல்லையா? பரிமாறும் முறை எங்கே?]

சாப்பிட்டாரா என்பதை எழுதித்தான் வைத்திருந்தேன். நல்ல பத்தி. அக்கா அதைக் கிழித்துவிட்டாள். "அவர் என் ஆளு, இவர் என் அப்பா. பத்திரிகைக்கு அதுவரைக்கும் போதும்" என்றாள். எடிட்டர்களிலேயே கறாரானவர்கள் அக்காக்கள்.

ஆகவே தட்டு இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. ரொட்டி ஆறிக்கொண்டிருப்பதால் அதிக நேரம் இல்லை. நீச்சல்காரரைச் சாப்பிட வைப்பதும், ஆரஞ்சுப் பையை விட்டுவிட்டுப் படியிறங்க வைப்பதும் உங்கள் விருப்பம். அக்காவைப் பேச வைக்கலாம். என்னைத் தேவையென்றால் அவகாடோ வாங்க அனுப்பிவிடலாம்.

அப்பாவை மட்டும் மாற்றாதீர்கள். அவர் கை தவறும். கேட்டால் தவறியதைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஒருவர் சமைக்கிற வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று, நீச்சல்காரரின் ஈரக் கையைக் கொஞ்ச நேரம் உங்கள் கையாக நினைத்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள்.