ஒண்டிக்கட்டை நட்சத்திரம்

பேராசிரியர் நாணு கன்னடத்தில் அதட்டுவார், தமிழில் குழைவார், ஆங்கிலத்தில் தற்பெருமை அடிப்பார். மல்லேஸ்வரத்துப் பழைய குடும்பம். அவருடைய வானியல் நிலையத்தில் டீன் நாற்காலி காலியானதும் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. உட்கார ஆசை இருந்தது, காட்டிக்கொள்ளக் கண்டுபிடிப்புதான் இல்லை.

அது அவருடைய ஆராய்ச்சி மாணவி ஜெயலக்ஷ்மியிடம் இருந்தது. திருப்பத்தூர்ப் பெண். ஒளியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், வயதுக்கு மீறிய பேரியம் என்ற உலோகத்தை மேலெல்லாம் பூசிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரம் அவளுக்கு அகப்பட்டிருந்தது.

"இது தானா சமைச்ச பேரியம் இல்ல சார். பக்கத்துல ஒரு ஸ்டார் எல்லாத்தையும் இதுக்குக் கொட்டிக் குடுத்துட்டு, சுருங்கிப் போயிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது இழுக்கிற இழுப்புல இது லேசா ஆடும். ஒரு வருஷம் பார்த்தா தெரிஞ்சிடும்."

"ஒரு வருஷமா? இன்டர்வ்யூ அடுத்த மாசம்மா!"

இரவல் பேரியம் என்றால் பத்தோடு பதினொன்று. தானே சமைத்தது என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும். "இது ஒண்டிக்கட்டை. அப்படியே எழுது," என்றார்.

ஜெயலக்ஷ்மி மாட்டேன் என்றாள். "அப்ப உன் பேரு எதுக்கு?" என்று கட்டுரையிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவள் அளந்ததையெல்லாம் அள்ளிப்போட்டுத் தன் ஒற்றைப் பெயரில் கட்டுரையை வெளியிட்டார். பேப்பரில் படம் வந்தது, நாற்காலியும் வந்தது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருஷம் சிலியிலிருந்து ஒரு குழு, அந்த நட்சத்திரம் ஆடுகிறது, பக்கத்தில் சுருங்கிய துணை ஒன்று இருக்கிறது என்று அடித்துச் சொன்னது. நிலையத்தின் இயக்குநர் மமதா இருவரையும் கூப்பிட்டார்.

"ஏனு இது, நாணு அவரே? என்ன கூத்து? உலகமே சிரிக்குது."

நாணுவுக்கு நாற்காலி போய்விடும் போலிருந்தது. சட்டென்று கையை மாணவி பக்கம் நீட்டினார்.

"மேடம், அளந்தது, கணக்குப் போட்டது எல்லாமே இந்தப் பொண்ணுதான். நான் நம்பி ஏமாந்துட்டேன்."

"அப்படியா? எல்லாம் இவளே செஞ்சிருந்தா, கட்டுரையில இவ பேரு ஏன் இல்ல?"

அவள் செய்தாள் என்றால் திருட்டு. தானே செய்தேன் என்றால் முட்டாள்தனம். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நாணு நெளிந்தபடி ஜெயலக்ஷ்மியைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

ஜெயலக்ஷ்மியிடம் ஒரு வருஷத்துக் கோபம் பாக்கி இருந்தது. ஆனாலும் மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள்.

"பாவம் மேடம், சார் தன்னடக்கத்துல சொல்றாரு. முழுக்க அவரு ஒருத்தரே செஞ்சதுதான்."